அறுவைக்குப் பின் மாட்டின் வயிற்றில் தங்கும் காற்று: அஞ்ச வேண்டியது எப்போது?

கறவை மாட்டுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்து, மாடும் எழுந்து நின்று தீனி எடுக்கத் தொடங்கியிருக்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தையல் போட்ட பக்கம் உப்பலாகத் தெரியும். விரலால் அமுக்கினால் தோலுக்கு அடியில் நறநறவென்று ஓசை கேட்கும். வீட்டார் கலங்கிப் போவார்கள். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்த உப்பல் எதனால் வருகிறது, எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம். இது தெரியாமல் இரண்டு மாடுகள் வீணானதை நான் அறிவேன். அவற்றில் ஒன்று வீணானதில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு மாடுகள்

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். நெல் நாற்றங்கால் பற்றி முன்பு என்னிடம் பேசிப் பழகியவர். "ஐயா, மாட்டுக்கு வயித்தக் கிழிச்சு பிளாஸ்டிக் பையெல்லாம் எடுத்து இன்னைக்கு ஆறு நாளாச்சு. தையலுக்கு மேல அமுக்குனா நறநறங்குது. சப்பை நோய்தான்னு ஊருல சொல்றாங்க. தரகர் வாசல்ல நிக்கிறார். என்ன செய்யட்டும்?" என்றார். நான் பயிர்த் துறையில் படித்தவன். மாட்டு வைத்தியம் தெரியாது. மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை மருத்துவரைக் கேட்டுத் திரும்ப அழைத்தபோது மாடு கைமாறிவிட்டது. நாற்பதாயிரத்துக்கு வாங்கிய மாடு பத்தாயிரத்துக்குப் போயிருந்தது. "தீனி தின்கிறதா, அசை போடுகிறதா? அப்படியானால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று, தானே வடிந்துவிடும்" என்பதுதான் மருத்துவர் சொன்ன பதில்.

அந்தப் பதிலை நான் மனத்தில் பதித்துக்கொண்டேன். ஆனால் பாதியைத்தான் பதித்துக்கொண்டேன். மறு ஆண்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேறொருவர் இதே போல அழைத்தார். கன்று வயிற்றில் குறுக்காகக் கிடந்ததால் அறுவை செய்து எடுத்த மாடு. "பக்கம் உப்பலா இருக்குங்க ஐயா" என்றார். "காற்றுதான், பயப்படாதீர்கள், தானே வடியும்" என்று நான் தைரியம் சொன்னேன். மூன்றாம் நாள் மாடு இறந்துவிட்டது. வயிற்றறை முழுதும் சீழ் பிடித்திருந்தது. நான் பேசிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே அது அசை போடுவதை நிறுத்தியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

முதல் மாட்டில் அச்சம் கெடுத்தது. இரண்டாவதில் அரைகுறை அறிவு கெடுத்தது. அதன் பின் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் அவர்களோடு உடன் நின்று பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

காற்று எப்படி உள்ளே போகிறது?

நோயில்லாத மாட்டின் வயிற்றில் காற்று இருப்பது இரைப்பைக்குள்ளும் குடலுக்குள்ளும் மட்டுமே. இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையிலுள்ள வயிற்றறையில் காற்று கிடையாது. அங்கே உறுப்புகள் ஒன்றோடொன்று ஈரமாக ஒட்டி வழுக்கிக்கொண்டிருக்கும்.

மாட்டுக்குப் பெரும்பாலான வயிற்று அறுவைகளை நின்ற நிலையிலேயே, அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்யும் ஊசி போட்டுச் செய்கிறார்கள். இடது பக்கம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் தோலையும் தசையையும் அறுத்துத் திறப்பது வழக்கம். நின்றிருக்கும் மாட்டில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் முதல் இரைப்பையும் குடலும் தம் எடையால் கீழே தொங்குவதால் வயிற்றறையின் மேற்பகுதியில் உறிஞ்சும் இழுவை இருக்கும். கடைசிச் சவ்வைத் திறந்தவுடன் வெளிக்காற்று 'உஸ்' என்று உள்ளே புகும். பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஓசை காதில் விழும்.

வேலை முடிந்து தையல் போடும்போது மருத்துவர் எதிர்ப்பக்கத்து வயிற்றை அமுக்கச் சொல்லி இயன்ற அளவு காற்றை வெளியேற்றுவார். ஆயினும் முழுதும் வெளியேறாது. கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். இது மருத்துவரின் தவறன்று. திறந்து மூடிய எந்த வயிற்றிலும் இது நேரும்.

தங்கிய காற்று எங்கே போகிறது?

வயிற்றறையின் உட்சவ்வு காற்றைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் சேர்த்துவிடும். இரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுபோக, மாடு மூச்சோடு வெளியே விட்டுவிடும். ஆனால் வெளிக்காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது இரத்தத்தில் எளிதில் கரைவதில்லை. ஆகவே காற்று முழுதும் மறையப் பல நாட்கள் ஆகும். ஒன்றிரண்டு வாரங்கள் ஆனாலும் வியப்பில்லை.

மனிதர்களிலும் இது உண்டு. நம் வீட்டுப் பெண்கள் சிறு துளை வழியே கருவி விட்டுச் செய்யும் குடும்பநல அறுவைக்கும், பித்தப்பை அறுவைக்கும் போய் வந்து "வயித்துல ஆபரேசன், தோள்பட்டை வலிக்குது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அறுவையில் வயிற்றை உப்ப வைக்கக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். எஞ்சிய வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டையின் உணர்வு நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது. கரியமில வாயு இரத்தத்தில் விரைவில் கரையும். எனவே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி தீர்ந்துவிடும். நாளாக ஆக வலி கூடினாலோ, காய்ச்சல், வாந்தி கண்டாலோ அவர்களும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நறநற ஓசை ஏன்?

மாடு மூச்சு விடும்போதும், இருமும்போதும், படுத்து எழும்போதும் வயிறு கொல்லன் துருத்தி போல விரிந்து சுருங்குகிறது. அப்போது வயிற்றறையில் தங்கிய காற்று உள்தையல்களின் இடுக்கு வழியே கசிந்து தோலுக்கும் தசைக்கும் நடுவில் வந்து சேரும். அங்கே சிறு சிறு குமிழிகளாகப் பரவும். அமுக்கினால் அவை நகரும்; அதுவே நறநற ஓசை. சில மாடுகளில் இது தையலைச் சுற்றி உள்ளங்கை அளவில் நின்றுவிடும். சிலவற்றில் முதுகு, விலா, கழுத்து வரையிலும் போகும். பார்க்க அச்சமாக இருந்தாலும் மாட்டுக்கு இதனால் பெரிய துன்பம் இல்லை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும்.

நம் விவசாயிகள் இதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சப்பை நோயிலும் தோலுக்கு அடியில் இதே ஓசை கேட்கும். ஆண்டாண்டாக மாடு வளர்ப்பவர்கள் அந்த ஓசையைச் சாவின் ஓசையாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள கொழுத்த இளங்கன்றுகளுக்கு வருவது. திடீரென்று கடும் காய்ச்சல் காணும், கால் நொண்டும், தொடை அல்லது தோள் சப்பையில் வீக்கம் தோன்றும். வீக்கம் முதலில் சூடாக, தொட்டால் வலிப்பதாக இருக்கும். பின்பு அந்த இடம் குளிர்ந்து மரத்துப்போகும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அறுவைக்குப் பின் வரும் காற்று வீக்கத்தில் சூடு இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மாடு தின்றுகொண்டு நிற்கும்.

வயிறு உப்புசம் வேறு

முதல் இரைப்பைக்குள் தீவனம் புளித்து ஓயாமல் வாயு உண்டாகிறது. தீனி தின்ற பின் மணிக்கு முப்பது லிட்டருக்குக் குறையாமல் உண்டாகும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை மாடு ஏப்பம் விட்டு அதைத் தள்ளிவிடுகிறது. ஏப்பம் தடைப்பட்டால் வருவதே வயிறு உப்புசம். இளம் தட்டைப்பயறு, குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தை அளவு மீறித் தின்றால் வாயு நுரையாகிச் சிக்கிக்கொள்ளும். மாங்கொட்டை போன்றவை தொண்டையில் அடைத்தாலும், பிளாஸ்டிக் பைகள் இரைப்பையின் வாயிலை அடைத்தாலும் உப்புசம் வரும்.

உப்புசத்தில் இடது பக்கப் பள்ளம் மேடாகி முதுகெலும்பு மட்டத்துக்கும் மேலே எழும்பும். தட்டினால் பறை போல ஒலிக்கும். மாடு தீனியை விட்டுவிடும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். படுத்துப் படுத்து எழும். இது ஓரிரு மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக் கூடியது.

வயிற்றறையில் தங்கிய காற்றோ மேற்புறத்தில் இரு பக்கமும் லேசான நிறைவாகத் தெரியும். மூச்சுத் திணறல் இராது. தோலுக்கு அடியில் வந்த காற்று மேலாகவே இருக்கும். அமுக்கினால் ஓசைதான் வரும், உள்ளே கெட்டியாக எதிர்க்காது. அறுவை செய்த மாட்டுக்கும் உப்புசம் வரலாம் என்பதை மறக்கக் கூடாது. அப்படி வந்தால் அது அவசரம்.

மருத்துவர்கள் உப்புசத்துக்கு இடது பள்ளத்தில் துளையூசியும் குழாயும் செலுத்தி வாயுவை விடுவதுண்டு. அதன் பின்னும் அந்த இடத்தில் தோலுக்கு அடியில் கொஞ்சம் காற்று தங்கும். ஆனால் கத்தியாலோ சூரியாலோ நாமே குத்தினால், இரைப்பையிலுள்ள புளித்த தீவனம் வயிற்றறைக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். வாயு இறங்கி மாடு பிழைத்தது போலத் தெரியும். நான்கு நாளில் இறந்துவிடும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவை

வீக்கத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அறுவை முடிந்த நாள் முதல் தையல் பிரிக்கும் வரை காலை, மாலை இரு வேளையும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்து, வீட்டுச் சுவரிலோ பிள்ளைகளின் பழைய நோட்டிலோ குறித்து வாருங்கள்.

1. தீனி: வைத்த புல்லில் எவ்வளவு தின்றது? நேற்றைவிடக் கூடுதலா, குறைவா?

2. அசை: படுத்திருக்கும்போது அசை போடுகிறதா? உசிலம்பட்டி விவசாயியிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி இதுதான். அசை போடும் மாட்டின் வயிறு வேலை செய்கிறது என்று பொருள். அசை நின்றால் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

3. இரைப்பை அசைவு: இடது பக்கப் பள்ளத்தில், தையலைத் தொடாமல், கைமுட்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். முதல் இரைப்பை புரண்டு கையைத் தள்ளுவது இரண்டு மூன்று முறையாவது தெரிய வேண்டும். அறுவைக்குப் பின் முதல் நாளில் இது குறைவாக இருக்கும். நாளுக்கு நாள் கூட வேண்டும்.

4. சாணம்: போடுகிறதா? கெட்டியா, நீர்த்ததா?

5. காய்ச்சல்: ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கலாம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. வெப்பமானி விலை அதிகமில்லை. நாலு வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

6. வீக்கம்: விளிம்பில் மஞ்சளாலோ சுண்ணாம்பாலோ கோடு இட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா, சுருங்குகிறதா என்று மறுநாள் தெரியும்.

தின்று, அசை போட்டு, சாணம் போட்டு, காய்ச்சல் இல்லாமல் இருக்கும் மாட்டுக்கு நறநற ஓசை மட்டும் இருந்தால் பொறுத்திருக்கலாம். ஆயினும் அறுவை செய்த மருத்துவருக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிடுவது நல்லது.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

தீனியும் அசையும் ஒரு நாள் முழுதும் நின்று போதல், காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டுதல், முதுகைக் கூனிக்கொண்டு நின்று முனகுதல், சாணம் போடாதிருத்தல், வீக்கம் சூடாகவும் தொட்டால் உதைக்கும்படி வலியாகவும் இருத்தல், தையலிலிருந்து நாற்றமடிக்கும் நீரோ சீழோ வடிதல், தையல் விட்டுச் சதை தெரிதல், இடது பக்கம் மேடாகி மூச்சுத் திணறுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கலாகாது. வயிற்றறையில் சீழ் பிடித்தால் முதல் நாளில் மருந்துக்குக் கட்டுப்படுவது மூன்றாம் நாளில் கட்டுப்படாது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்தில் முடியாவிட்டால் மதுரைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெரிய அறுவைகளுக்குத் தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

செய்யக் கூடாதவை

காற்றை வெளியேற்றுவதாக எண்ணி வீக்கத்தை ஊசியால் குத்தாதீர்கள். வெறும் காற்றாக இருந்த இடத்தில் அழுக்கும் கிருமியும் புகுந்து சீழாகும். சூடு வைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். உருவினால் காற்று மேலும் பரவும், தையலும் தளரும்.

மருத்துவர் சொல்லாமல் எண்ணெய், சோடா உப்புக் கரைசல், கசாயம் ஆகியவற்றைக் கொட்டத்தில் ஊற்றாதீர்கள். உப்புசத்துக்கு ஏற்றது இந்தக் காற்றுக்கு ஏற்றதன்று. இரைப்பைக்குள் ஊற்றும் எதுவும் இரைப்பைக்கு வெளியே உள்ள காற்றைத் தொடாது. அன்றியும் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் மாடு பிழைப்பது அரிது.

தையல் பிரிக்கும் வரை, அதாவது பத்து முதல் பதினான்கு நாட்கள், கண்மாயில் இறக்கிக் குளிப்பாட்டக் கூடாது. வண்டியில் பூட்டவோ மந்தையோடு ஓட்டவோ கூடாது. மேடு பள்ளமில்லாத உலர்ந்த தரையில் கட்டிப் போடுங்கள். மருத்துவர் தரும் ஈ விரட்டும் மருந்தைத் தவறாமல் இடுங்கள். புழு வைத்தால் காற்றைவிட அதுவே பெரிய கேடு. இளம் பசும்புல்லைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். அடர் தீவனத்தையும் பயறுவகைத் தீவனத்தையும் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள். கிருமிக்கொல்லி ஊசி போட்ட நாட்களில் கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவையே வராமல் காக்க

நம் பக்கத்தில் மாட்டுக்கு வயிற்றைத் திறக்க நேர்வதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பிளாஸ்டிக் பை. மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற மாட்டுத்தாவணியில் இன்று காய்கறி மார்க்கெட் இருக்கிறது. அங்கே ஒதுக்கிக் கொட்டும் இலை தழைகளையும் காய்களையும் மாடுகள் பையோடு சேர்த்து விழுங்குகின்றன. வைகைக் கரையோரக் குப்பையிலும் இதே கதைதான். பையை மாடு செரிக்கவும் முடியாது, சாணமாகத் தள்ளவும் முடியாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கயிறு போல முறுக்கிக்கொள்ளும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த அறுவை அது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது அதே 2019 ஜனவரி முதல் நாளில்தான்.

கிராமத்து மாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. உரப்பை நூல், நாற்றங்கால் பை, கல்யாண வீட்டு எச்சில் இலையோடு வரும் பை எல்லாம் தொழுவத்துக்குள் வருகின்றன. மாட்டை அவிழ்த்து விட்டு மேய்ப்பவர்கள் குப்பைமேட்டுப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாது உப்புக் குறைந்த மாடு கண்டதையும் மெல்லும்; ஆகவே நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் சேர்த்துக் கொடுங்கள். நாள்பட்ட பசியின்மையும், விட்டு விட்டு வரும் உப்புசமும் இருந்தால் பிளாஸ்டிக்கைச் சந்தேகித்து மாடு எலும்பும் தோலும் ஆவதற்குள் காட்டுங்கள். உடலில் தெம்பு இருக்கும்போது செய்த அறுவைதான் எளிதில் ஆறும்.

மேலூர் விவசாயி பிறகு வேறொரு மாடு வாங்கினார். அவர் வீட்டுத் தொழுவத் தூணில் இன்று ஒரு வெப்பமானி தொங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு முன் பக்கத்து வீட்டு மாட்டுக்கு அறுவை நடந்து தையல் பக்கம் உப்பியபோது, ஓடிவந்து பார்த்தவர் அவர்தானாம். "அசை போடுதா?" என்று முதலில் கேட்டாராம். போடுகிறது என்றார்கள். "அப்ப தரகரைப் போகச் சொல்லு" என்றாராம். அந்த மாடு அடுத்த ஈற்றும் ஈன்று இப்போது கறவையில் இருக்கிறது.